அவளிடம்தான் சொன்னான்

என் நண்பனுக்கு மாத்திரைப் பழக்கம் இருந்தது எனக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து கல்லூரி மூன்றாம் ஆண்டு வரை அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் நான். அவன் அக்கா கல்யாணத்தில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்பது முதல், வீட்டுக்குத் தெரியாமல் அவன் எழுதாமல் விட்ட பரீட்சை வரை எல்லாம் எனக்குத் தெரியும். இதை மட்டும் அவன் வேறொருத்தியிடம் சொன்னான். அந்த ஒருத்தியின் மேல் எனக்கிருந்த பொறாமையைத்தான் எழுதப் போகிறேன். நல்லவன் வேஷம் போடாமல் எழுதப் பார்க்கிறேன்.

அப்போது நான் கல்லூரியின் போதை ஒழிப்பு மன்றச் செயலாளர். குரல் கணீரென்று இருக்கும் என்பதற்காகக் கொடுத்த பதவி. வருடத்துக்கு ஒரு நாள் எல்லோரையும் மைதானத்தில் வெயிலில் நிறுத்தி, கையை நீட்டச் சொல்லி, நான் மைக்கில் உறுதிமொழி வாசிப்பேன். கூட்டம் திருப்பிச் சொல்லும். பிறகு பேனரைப் பிடித்துக்கொண்டு தேரடித் தெரு வழியாக ஊர்வலம் போவோம். மறுநாள் பேப்பரில் படம் வந்தால் நான் நடுவில் இருப்பேன். நடுவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த என் பிழைப்பில் மண்ணைப் போட ஒருத்தி வந்து சேர்ந்தாள். எனக்கு ஒரு வருடம் ஜூனியர், சமூகப்பணித் துறை. அடி அண்ணாமலையில் வீடு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் அவள் அப்பா எலுமிச்சை சோடா விற்பார். மன்றக் கூட்டத்தில் ஒரு நாள் எழுந்து நின்று கேட்டாள்.

"அண்ணா, ஏற்கெனவே பழக்கத்துல இருக்கறவங்களுக்கு நம்ம மன்றம் இன்னா பண்ணுது?"

"பேரை எழுதி நிர்வாகத்துக்குக் குடுக்கும்," என்றேன். கைதட்டல் வந்தது. என் நண்பனும் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் தட்டினானா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

அவள் உட்காரவில்லை. "அதான்ணா யாரும் நம்மகிட்ட வர்றதில்ல," என்றாள்.

அடுத்த வாரமே கேன்டீனுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தடியில் தனியாகக் கூட்டம் சேர்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒருவன் மயங்கி விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எலுமிச்சைச் சாறோ மோரோ ஊற்றாதே, தனியாக விட்டுவிட்டு ஓடாதே, 108-க்குப் போன் பண்ணு, டாக்டரிடம் பொய் சொல்லாதே. இவ்வளவுதான் அவள் பேசியது. முதல் நாள் ஐந்து பேர் போனார்கள். பத்து நாளில் மரத்தடியில் உட்கார இடமில்லை. என் கூட்டத்துக்கு வருகைப் பதிவு போட்டால்தான் ஆள் வரும்.

ஏன் இதைச் செய்கிறாள் என்பதற்கும் அவளிடம் ஒரு காரணம் இருந்தது. அவள் பிளஸ் டூ படிக்கும்போது, ஒரு பௌர்ணமியன்று அவர்கள் கடைக்கு எதிரே ஒரு ஆள் விழுந்து கிடந்தானாம். குடித்துவிட்டுக் கிடக்கிறான் என்று எல்லோரும் சுற்றிக்கொண்டு நடந்தார்களாம். அவளும் சோடா கொடுத்துக்கொண்டே இருந்தாளாம். கூட்டம் கொஞ்சம் கம்மியான பிறகு போய்ப் பார்த்தால் உயிர் இல்லை. இதை அவள் சொன்னபோது நான் கேன்டீன் தூணுக்கு இந்தப் பக்கம் மறைந்து நின்று கேட்டேன். எனக்கு இப்படிச் சொல்வதற்கு ஒன்றுமில்லையே என்று அப்போது நினைத்தேன். செத்துப்போன ஒரு ஆளைப் பற்றிக் கேட்கும்போது மனம் போன போக்கு அது.

என் நண்பன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், இரண்டு வகுப்புத் தோழர்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். அங்கே வெள்ளைக்காரர்கள் வரும் ஒரு காபிக் கடையில் சனி, ஞாயிறு வேலை. பைக்கில் விழுந்து தோள் இறங்கிய பிறகு வலி மாத்திரை சாப்பிட்டான், அது எனக்குத் தெரியும். தோள் சரியான பிறகும் மாத்திரை நிற்காதது தெரியாது. அவனும் அவளும் டீக்கடையில் அடிக்கடி உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து, காதல் என்று நினைத்துக்கொண்டேன். அவன் ரூம் தோழன் ஒருவனிடம் அதைச் சொல்லிச் சிரித்தபோது அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"மாத்திரை விஷயமா பேசினு இருப்பாங்கடா. உனக்குத் தெரியாதா? அந்தப் பொண்ணுக்கு எல்லாம் தெரியுமே."

நண்பனுக்கு என்ன ஆகுமோ என்ற பயம் முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை என்பதுதான் முதலில் வந்தது. வயிறு எரிந்தது. அவனாக என்னிடம் சொல்லட்டும் என்று வைராக்கியமாக இருந்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவள் ஒரு மனுவைக் கொண்டுவந்தாள். கல்லூரி விதிப்படி, போதைப் பொருளோடு பிடிபட்டவன் மட்டுமல்ல, அவனோடு அறையில் இருந்தவர்களும் சஸ்பெண்ட். அதனால் எவன் விழுந்தாலும் கூட இருப்பவன் கதவைச் சாத்திக்கொள்வான். மயங்கியவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவர்கள் மீதும், தானாகச் சிகிச்சை கேட்டு வருகிறவர்கள் மீதும் நடவடிக்கை கூடாது என்று விதியை மாற்றச் சொல்லி எழுதியிருந்தாள். மன்றச் செயலாளர் பரிந்துரைத்தால் பரிசீலிக்கலாம் என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டாராம்.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்ணா."

"படிச்சிட்டுத் தரேன்."

ஒன்பது நாள் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் தினமும் கேட்டாள். வார்த்தைகள் சரியில்லை, திருத்த வேண்டும் என்றேன். ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. நான் எழுதியிருந்தால் அதில் பாதி நன்றாக வந்திருக்காது. கையெழுத்துப் போட முடியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. காலை பதினோரு மணிக்கு என் நண்பன் ரூமில் விழுந்துவிட்டான். கூட இருந்த இருவரும் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, முகத்தில் தண்ணீர் அடித்திருக்கிறார்கள். ஒருவன் எலுமிச்சம்பழத்தை அறுத்துக்கொண்டிருந்தபோது இன்னொருவனுக்கு அவள் சொன்னது ஞாபகம் வந்து அவளுக்குப் போன் போட்டிருக்கிறான். ஆட்டோவில் வரும்போதே அவள் 108-க்குச் சொல்லிவிட்டாள். வந்ததும் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். ஆம்புலன்ஸ் வந்தால் காலேஜுக்குத் தெரிந்துவிடும் என்று இருவரும் கெஞ்சினார்களாம். "தெரிஞ்சா தெரியட்டும்," என்றாளாம்.

எனக்கு மதியம் இரண்டு மணிக்குச் சொன்னார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்டதும் நான் கேட்ட கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

"மொதல்ல யாருக்குடா போன் பண்ணீங்க?"

மறுநாள் ஆஸ்பத்திரியில் அவன் அம்மா டிபன் வாங்கப் போன நேரம் பார்த்து அவனிடம் கேட்டேன். "என்கிட்ட ஏன்டா சொல்லல?"

அவன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகத்தான் பேசினான். கோபம் எல்லாம் இல்லை. "உன்கிட்ட சொல்லியிருந்தா துடிச்சிப் போயிருப்ப. என்னைத் தூக்கினு ஓடியிருப்ப. அப்பறம் பேரை எழுதிக் குடுத்திருப்படா."

கால்மாட்டில் கிடந்த போர்வையை எடுத்து மடித்தேன். அதற்குள் அவன் அம்மா இட்லிப் பொட்டலத்தோடு வந்துவிட்டார்.

திங்கட்கிழமை மூன்று பேரும் சஸ்பெண்ட். அறையில் கூட இருந்ததற்காக அந்த இருவரும் சேர்த்து. அன்றே மனுவில் கையெழுத்துப் போட்டு அவளிடம் நீட்டினேன். கையெழுத்துக்குக் கீழே நான் போட்டிருந்த தேதியை அவள் பார்த்தாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "முதல்வர்கிட்ட நீங்க பேசுங்கண்ணா. உங்க குரல்னா கேப்பாரு," என்றாள். பேசினேன். கையெழுத்தைப் பத்து நாளுக்கு மேல் நான்தான் நிறுத்தி வைத்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு மாதம் இழுத்து விதி மாறியது. மூன்று பேரும் வகுப்புக்குத் திரும்பினார்கள். கல்லூரி முழுக்க, அந்தப் பொண்ணு சாதிச்சிட்டா என்றுதான் பேச்சு. என் பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லக் கூடாதுதான். ஆனாலும் எரிந்தது.

கடைசி செமஸ்டரில் ஒரு மதியம் நூலகத்தில் இருந்தபோது என் நண்பன் போன் பண்ணினான்.

"எங்க இருக்க?"

"காலேஜ்ல. இன்னாடா?"

"ஒன்னும் எடுக்கல. எடுத்துடுவேன் போல இருக்கு. ரூம்ல யாரும் இல்ல. தனியா இருக்காதன்னு அவ சொல்லியிருக்கா." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான். "அவளுக்குத்தான் போட்டேன். எடுக்கல. இன்னிக்குப் பரீட்சை போல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லாமல் விட்டிருக்கலாம். டாக்டரிடம் பொய் சொல்லாதே என்று பழக்கிவிட்டிருந்தாள், இப்போது அவன் யாரிடமும் பொய் சொல்வதில்லை. வரேன் என்றேன். ஷேர் ஆட்டோவுக்காக நிற்காமல் தனி ஆட்டோ பிடித்துப் போனேன்.

கதவைத் திறந்தவன் வியர்த்திருந்தான். மாத்திரை எங்கே, எத்தனை, யார் கொடுத்தது என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். அவன் படுத்தான், எழுந்தான், நடந்தான், மறுபடி படுத்தான். டீ வாங்கி வந்தேன், பாதி குடித்தான். மூன்று மணி நேரம் இப்படியே போனது. ஐந்து மணி இருக்கும், அவன் போன் அடித்தது.

"பரீட்சையா? சரி சரி. இல்ல, எடுக்கல. பரவால்ல, இவன் இருக்கான்," என்றபடி வராந்தாவுக்குப் போனான்.

கொஞ்ச நேரத்தில் வெளியே அவன் சிரிப்பது கேட்டது. என்னோடு இருந்த நேரமெல்லாம் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. அவள் அப்படி என்ன சொன்னாளோ. வயிறு எரிந்தது. எரியட்டும் என்று, அவன் பேசி முடித்து உள்ளே வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.