காரின் பெயர்களும் அப்பாவின் பெயரும்

லண்டன் குட்மேய்ஸில் எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் பழைய சின்னக் காரின் வரலாறு எனக்கு மனப்பாடம். வீட்டுக்கு வருகிற ஒருவரையும் அப்பா அதைச் சொல்லாமல் விடுவதில்லை. இங்கிலாந்தில் செய்த கார். கம்பெனி கைமாறக் கைமாற இங்கேயே மூன்று பெயர். நோர்வே, டென்மார்க் பக்கம் வேறொன்று. அமெரிக்காவுக்கு அனுப்பியபோது ஒரு பூச்சியின் பெயரை வைத்தார்கள், அங்கே எடுபடவில்லை. அர்ஜென்டினாவில் கடைசியில் ஒரு ஜெர்மன் கம்பெனியின் பெயரில் விற்றது. "எல்லாம் ஒரே கார்தான் பிள்ளை, பேர்தான் வேறை" என்று காரின் முன்பக்கப் பொனற்றைத் தட்டுவார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அப்பாவுக்கும் வேறு பெயர் இருந்தது. ஏஜென்சிக்காரன் கொடுத்த கள்ளப் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரோடு இலங்கையிலிருந்து லண்டன் வந்தவர், அதே பெயரில் குரோய்டனில் அகதி வழக்கைப் பதிந்து, அதே பெயரில் பிரஜையும் ஆகிவிட்டார். எங்கள் வழக்கத்தில் தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். ஆகவே பள்ளிக்கூடம் தொடங்கி அலுவலகம் வரை நான் யாரோ ஒரு அந்நியனின் பெயரைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இதை எனக்குச் சொன்னது அம்மா. சொந்தப் பெயர் என்னவென்று கேட்டால் "கொப்பாட்டையே கேள்" என்பார். அவர் அப்பாவை ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை, எப்போதும் "இஞ்சாருங்கோ"தான். அப்பாவைக் கேட்டாலோ கார்புரேட்டரைப் பற்றிப் பேசத் தொடங்குவார்.

இப்போது எனக்கு ஏழாம் மாதம். பிறக்கப்போகிற ஆண் பிள்ளைக்காவது அப்பாவின் சொந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று கணவரும் நானும் தீர்மானித்திருந்தோம். அதற்கு முதலில் அது என்னவென்று தெரிய வேண்டுமே.

ஓடாமல் கிடந்த காரை அப்பா திருத்தித் திருத்தி, போன மாதம் அது ஒருவழியாக ஓடத் தொடங்கியது. பூசை செய்ய ஆர்ச்வே முருகன் கோயிலுக்குப் போனோம். அப்பாவும் நானும் மட்டும். நான்கு சில்லுக்கடியிலும் எலுமிச்சம்பழம் நசுங்கியது. பிறகு உள்ளே அர்ச்சனைத் தட்டை நீட்டினேன்.

"ஆற்றை பேருக்கு?" என்றார் ஐயர்.

"அப்பாவின்ரை பேருக்கு. நீங்களே சொல்லுங்கோ அப்பா."

அப்பா என்னைப் பார்க்கவில்லை. "சுவாமி பேருக்கே செய்யுங்கோ ஐயா" என்றார். வழக்கமாகச் சொல்வதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சனத்துக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு திருநீறு வாங்கினேன்.

காரில் ஏறியதும் வெடித்துவிட்டேன். "இந்தத் தகரத்துக்கு ஆறு பேர் சொல்லுறீங்கள். உங்கடை ஒரு பேரைச் சொல்ல ஏலாதோ? என்ரை பிள்ளைக்கு வைக்கத்தானே கேக்கிறன்."

அப்பா தன் பக்கத்துக் கண்ணாடியைச் சுற்றி ஏற்றினார். என் பக்கமாகச் சரிந்து அதையும் ஏற்றினார். பிறகு, பக்கத்தில் இருந்த எனக்கு மட்டுமே கேட்கிற குரலில், பெயரைச் சொன்னார். ஒளித்து வைக்க ஒன்றுமில்லாத, சாதாரணமான பெயர். ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

"வடிவான பேர் அப்பா. இதையே வைக்கிறம்."

"வேண்டாம்." பின்பக்கம் காட்டும் கண்ணாடியை ஒருமுறை பார்த்தார். "ஊரிலை அந்தப் பேரைச் சொல்லித்தான் என்னைப் பிடிக்கத் தேடினவங்கள். பிள்ளைக்கு என்னத்துக்கு அது?"

"அது எந்தக் காலம்? நீங்கள் பிரிட்டிஷ் சிட்டிசன் அப்பா. ஆர் இனித் தேடப்போறான்?"

"எனக்குத் தெரியும். எண்டாலும் வேண்டாம்."

என்னிடம் இதுவரை எதையுமே கேட்டறியாத மனிதர் என் கையைப் பிடித்தார். "வைக்கமாட்டன் எண்டு சொல்லு பிள்ளை."

சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அதை யார் மேல் கொட்டுவது என்றுதான் தெரியவில்லை.