சாமியை மலையேற விடாத அக்கார்டியன்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் டேப் ஹெட்டைத் துடைக்கும்போது ஒரு வாசம் வரும்... வெளியே ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டின் டீசல் புகை. இரண்டும் கலந்த காற்றில்தான் என் முதல் வேலை. கேசட் ரெக்கார்டிங் கடை.

காலேஜ் முடித்து வேறு வேலை கிடைக்காமல் அங்கே போய் உட்கார்ந்தேன். ஓனர் அழகர் அண்ணனுக்கு ஒரு கொள்கை உண்டு. கேசட்டில் காலி இடம் விடக் கூடாது. கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு கடைசியில் கொஞ்சம் மிச்சமிருந்தால், வார்த்தை இல்லாத இசை எதையாவது போட்டு நிரப்ப வேண்டும்.

"மொட்டையா விட்டா, டேப்பு போச்சுன்னு திரும்பக் கொண்டாந்துருவாய்ங்க. எதையாச்சும் போட்டு விடு மாப்ள."

பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர், ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். மார்பில் மாட்டி இழுத்து அமுக்கி வாசிக்கும் அக்கார்டியன் பெட்டி ஒன்று, ஒரு கிடார். அவ்வளவுதான்.

பாரிஸில் அந்தக் காலத்தில் சாதாரண சனங்கள் ஜோடி போட்டு ஆடிய மியூசெட் இசையாம். அதோடு ஜாஸைக் கலந்திருந்தார்கள். மூன்று தட்டுத் தாளத்தில் சுற்றிச் சுற்றி வரும். அக்கார்டியன் மூச்சு வாங்கும் இடம் பார்த்து கிடார் புகுந்து பேசும்... பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் மாட்டிக்கொண்ட பழைய சிநேகிதர்கள் மாதிரி.

எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. பார்த்தவர்களிடமெல்லாம் "இதைக் கேளுங்கண்ணே" என்றேன். ஒருத்தரும் காது கொடுக்கவில்லை. சரி போ என்று, பதிய வந்த கேசட்டுகளின் வாலில் எல்லாம் அதையே ஏற்றிவிட்டேன்.

ஒருநாள் மத்தியானம் எழுமலைக்காரர் ஒருவர் கேசட்டும் கையுமாக வந்து நின்றார். ஊர்த் திருவிழாவுக்கு சாமி பாட்டு பதிந்துகொண்டு போனவர். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"ஏம்ப்பா, பாட்டு நின்னாத்தான சாமி மலையேறும்? எங்க மாமா அருள் வந்து ஆடிக்கிட்டு இருக்காரு. பாட்டு முடிஞ்சுச்சு. விபூதியக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறோம். பாத்தா, குழாய் ஸ்பீக்கர்ல என்னமோ பெட்டி கெடந்து இழுக்குது. அதுக்கும் ஆடுறாருய்யா மனுசன். எம்புட்டு நேரம் புடிச்சு நிப்பாட்டுறது?"

"எந்தப் பாட்டுண்ணே?" என்று பயத்தில் கேட்டுவிட்டேன்.

அவர் கவுண்டரில் விரலால் தட்டிக்கொண்டே முனகிக் காட்டினார்.

பாதியில் நிறுத்தி, "இந்த எடத்துல இன்னொருத்தன் வாரான். சரி, முடிக்கப் போறாய்ங்கன்னு பாத்தா மறுபடி பெட்டிக்காரன் ஆரம்பிக்கிறான்" என்றார். தாளம் ஒரு இடத்தில்கூடப் பிசகவில்லை. அழகர் அண்ணன் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

இப்போது...

அதே மியூசெட் வழியில், அக்கார்டியனும் கிடாரும் மட்டும் வாசித்த ஜாஸ் ஆல்பம் ஒன்று போன மாதம் கண்ணில் பட்டது. ஆசை ஆசையாக நம்ம காலேஜ் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். லிங்க் போட்ட கையோடு வரிசையாக 'சூப்பர்'. முழு ஆல்பம்டா அது... எப்போது கேட்டுத் தொலைத்தீர்கள்?

விடாமல் வில்லாபுரத்துக்கே போய், கூடப் படித்த குமரேசன் காதில் இயர்போனை மாட்டிவிட்டேன். கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. அப்புறம் கண்ணைத் திறந்தான்.

"மாப்ள, இதுல வாய்ஸ் எப்ப வரும்?"

வராதுடா என்றேன். தள்ளித் தள்ளி ஒரேயடியாகக் கடைசிக்குப் போய்விட்டு, "கடைசி வரைக்கும் இதே பெட்டிதானா" என்று கழற்றிக் கையில் கொடுத்துவிட்டான். இவனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

லிங்க் இந்தப் பதிவின் கமெண்டில் இருக்கிறது. தலையெழுத்தே என்று மறுபடியும் போட்டிருக்கிறேன்.

அன்றைக்கு இப்படி விரலால் தள்ளிவிட்டுப் போக வழியில்லை. வேறு வழியில்லாமல் கேட்டார்கள், பிடிக்காவிட்டால் பஸ் ஏறி வந்து திட்டினார்கள். இன்றைக்குத் திட்டக்கூட ஆள் இல்லை. எரிச்சலாக வருகிறது... கொஞ்சம் ஏக்கமாகவும் இருக்கிறது.

இத்தனை வருஷத்தில் அந்த இசையைப் பற்றி 'இந்த எடத்துல' என்று இடம் சுட்டி என்னிடம் பேசியவர், சண்டைக்கு வந்த அந்த எழுமலைக்காரர் ஒருவர்தான்.