வழியில் மாறிய கட்டளை

தகப்பனின் கட்டளை என்று வந்ததை ஒரு மகன் ஏன் ஒருமுறைகூடச் சரிபார்க்காமல் நம்பினான்? நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் போன மாதம் கேட்டாள்.

சீனாவின் சின் அரசமரபு எப்படி எழுந்து எப்படி விழுந்தது என்பது அவளுடைய பள்ளிப் புரொஜெக்ட். ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் எங்கள் அபார்ட்மென்ட் குசினி மேசையில் சீரியல் பெட்டிகளை வெட்டிப் பெருஞ்சுவர் கட்டிக்கொண்டிருந்தோம். எழுந்த கதை சுலபமாக முடிந்தது. ஆறு நாடுகளை வென்று ஒன்றாக்கிய முதல் பேரரசர். எல்லோருக்கும் ஒரே எழுத்து, ஒரே நிறைகல், வண்டிச் சில்லுகளுக்கிடையே ஒரே அகலம். விழுந்த கதைக்கு வந்ததும் நூலகப் புத்தகத்தை நான் கையில் எடுத்தேன்.

பேரரசர் பயணத்தில் இறந்துபோகிறார். கூட இருந்த மந்திரியும் அரண்மனை அதிகாரியும் அதை மறைக்கிறார்கள். பிணவாடை தெரியாமலிருக்க உப்பிட்ட மீனை வண்டியில் ஏற்றிக் கூடவே கொண்டுபோகிறார்கள்.

"கருவாடோ? எங்கடை எலிவேட்டர் மணக்கிற மாதிரி," என்றாள் மகள்.

"கதையைக் கேளம்மா."

பேரரசரின் பெயரில் பொய்க் கட்டளை ஒன்று எழுதி, வடக்கு எல்லையில் இருந்த மூத்த மகனுக்கு அனுப்புகிறார்கள்: உயிரை விட்டுவிடு. பக்கத்திலிருந்த தளபதி, முதலில் கேட்டு உறுதி செய்யச் சொல்கிறார். தகப்பன் சொன்னதை மகன் திருப்பிக் கேட்பதா என்று அவன் அங்கேயே உயிரை விடுகிறான். தம்பி சிம்மாசனம் ஏறுகிறான். சில வருடங்களில் எங்கும் கலகம். அரசமரபே இல்லாமல் போகிறது.

"தட்ஸ் சோ டம், அம்மா. ஏன் அவர் செக் பண்ணேல்லை?"

"அப்பா சொன்னவர் எண்டு நினைச்சிட்டார்."

"ஆனா அப்பா சொல்லேல்லையே."

தேத்தண்ணி போடுவதாகச் சொல்லி எழுந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அப்பா என்னோடு நேரே பேசி எதையும் முடிவு செய்ததில்லை. ட்யூஷன், கம்பஸ் படிப்பு, கலியாணம், எல்லாவற்றுக்கும் அண்ணா வந்து "அப்பா சொன்னவர்" என்பார். அதன்பிறகு நான் கேள்வி கேட்பதில்லை. அதுதான் மரியாதை என்று வளர்ந்தேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் படுக்கையில் விழுந்தபோது, இப்போது மூன்று வயதாகும் என் இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருந்தது. பறக்கலாம் என்று டொக்டர் சொல்லியிருந்தார். டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. எனக்கு முன்பே இங்கிருந்து போன அண்ணா அங்கிருந்து அழைத்தார்.

"அப்பா சொன்னவர், உந்த வயித்தோடை நீ வரவேண்டாமாம். பிள்ளையைப் பாக்கட்டாம்."

ஃபோனை அப்பாவிடம் கொடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவேயில்லை. "ஓம் அண்ணா" என்று டிக்கெட்டை ரத்துச் செய்தேன். அடுத்த கிழமை அப்பா இல்லை.

மகளின் புரொஜெக்டுக்குக் கொஞ்ச நாள் முன்பு அப்பாவின் தங்கை, என் மாமி, ஒரு கலியாணத்துக்கு ரொறன்ரோ வந்தார். அப்பாவைக் கடைசிவரை பார்த்தவர் அவர்தான். அஜின்கோர்ட்டில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கேட்டார்: "நீ வாறாய் வாறாய் எண்டு உன்ரை அண்ணன் சொல்லச் சொல்ல, மனுசன் வாசலையே பாத்துக்கொண்டு கிடந்தது. ஏன் பிள்ளை வரேல்லை?"

"அப்பாதானாம் வரவேண்டாம் எண்டவர், மாமி."

"ஆர் சொன்னது? வாய் திறந்தால் உன்ரை பேர்தான்."

அண்ணா எனக்கு ஒன்றும் அப்பாவுக்கு வேறொன்றும் சொல்லியிருக்கிறார். எனக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் ஏதும் ஆகிவிடும் என்று பயந்திருக்கலாம். அப்படியென்றால் தன் சொல்லாகவே சொல்லியிருக்கலாமே. அப்பாவின் பெயரில் ஏன் சொன்னார்? இப்படி யோசித்த அடுத்த நிமிடமே, மாமிக்குத்தான் நினைவு தடுமாறுகிறதோ, அண்ணாவை அநியாயமாகச் சந்தேகிக்கிறேனோ என்று தோன்றும். பிறகு, நான் சொன்னதைக் கேட்டு மாமியின் முகம் மாறியது நினைவுக்கு வரும்.

அம்மாவும் இல்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிஞ்சியிருப்பது அண்ணா மட்டும். மகளுக்கு மாமா என்றால் உயிர். அடுத்த மாதம் இங்கே மல்வேர்னில் அவர் வீட்டில் அப்பாவின் திவசம். நேற்று அழைத்து, "அப்பாவுக்குப் பிடிச்ச கத்தரிக்காய்ப் பால்கறி நீதான் வைக்கவேணும்," என்றார். பழக்கதோஷத்தில் சம்மதித்துவிட்டேன்.

திவசத்துக்கு முன்பே அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதா? கேட்டு, அவர் ஓம் என்றால், படையலுக்கு முன்னால் அவர் பக்கத்தில் எப்படி நிற்பது? கேட்காமல் விட்டால் இனி அவர் சொல்லும் எதை நம்புவது? உங்கள் வீட்டிலும் ஒருவரின் சொல் இன்னொருவர் வாய்வழியாகத்தான் வந்தது என்றால், அது பொய் என்று தெரிந்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.