அண்ணன் அடித்துக்கொண்ட மொட்டை

“பாப்பா பள்ளிக்கூடம் போக மாட்டேங்குதுத்தா. நீ ஒரு எட்டு வந்துட்டுப் போ.”

சாயல்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து என் அண்ணன் போன். எப்போது பேசினாலும் மிளகாய் விலையில் ஆரம்பிக்கிற மனுஷன் அன்றைக்கு மிளகாயைப் பற்றி மூச்சே விடவில்லை. சரி, விஷயம் பெரிசுதான் என்று ராமநாதபுரத்தில் பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணன் மகள் மலர் இந்த ஜூனில் ஏழாம் வகுப்பு. போன வருஷம் அவளுக்குக் காய்ச்சல் வந்து படுத்தபோது, மதினி குலசாமிக்கு முடி இறக்குவதாக நேர்ந்துகொண்டார். அப்புறம் மிளகாய் எடுப்பு, சொந்தத்தில் கல்யாணம், மழை, வெயில்... தள்ளித் தள்ளிப் போய், பள்ளிக்கூடம் திறக்கப் போகிற நேரத்தில் மொட்டை போட்டார்கள். சாமி இன்னும் கொஞ்ச நாள் காத்திருக்காதா? இதை நான் சத்தமாகக் கேட்கவில்லை. மதினி பக்கத்தில் இருந்தார்.

அதிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை. பள்ளிக்கூடம் என்று பேச்செடுத்தால் “வயித்த வலிக்குது” என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள்.

“முடி கொஞ்சம் வளரட்டும், ஒரு மாசம் கழிச்சுப் போகட்டும்னு எல்லாரும் சொல்றாக,” என்றார் அண்ணன். “எனக்குப் பயமா இருக்கு. ஒரு மாசம் வீட்டுல இருந்துட்டா, பொம்பளப் பிள்ளைய அப்படியே நிப்பாட்டிருவாக. இங்கன எத்தன பேரைப் பாத்துருக்கேன்.”

அவர் பயம் நியாயமானது.

ஆனாலும் நான் யார்? வாரா வாரம் இந்தப் பத்தியில் உங்களுக்கெல்லாம் புத்தி சொல்கிறவள் ஆயிற்றே! மொட்டை போட்டது முன்னமே தெரியும் என்பதால், விதவிதமாகத் தொப்பியும் ஒரு பூப்போட்ட ஸ்கார்ஃபும் வாங்கிக்கொண்டுதான் போயிருந்தேன். மலர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, “நல்லா இருக்கு அத்தை” என்று மடித்து வைத்துவிட்டாள். அடுத்து என் பிரசங்கம். முடி என்பது என்ன, அழகு என்பது என்ன, கேலி செய்கிறவர்களை எப்படி எதிர்கொள்வது... வாசலில் படுத்திருந்த ஆடு எழுந்து வேறு பக்கம் போனது. மலர் மட்டும் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார். திரும்பி வரும்போது தலையில் துண்டு. மகள் முன்னால் வந்து நின்று துண்டை உருவினார்.

மொட்டை!

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு ஆண்கள் அத்தனை பேருக்கும் சீக்கிரமே வழுக்கை விழுந்துவிடும். மிச்சமிருந்த ஒரே தலை அண்ணனுடையது. கல்யாண வீடுகளில் சீப்போடு திரிகிறவர். அந்த முடியைத்தான் இறக்கிவிட்டு வந்திருந்தார்.

“பாத்தியா ஆத்தா, அய்யாவும் ஒன்னய மாதிரிதேன். இனி யாரு கேலி பண்ணுவா?”

மலர் முதலில் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது.

“எதுக்குய்யா அடிச்சீக? முடிதேன் வளந்துரும்ல!”

“பெறகு ஏன் போக மாட்டேங்குற?”

“சுபா இல்லேல்ல... மத்தியானம் நான் யாரு கூடச் சாப்புடுறது?”

சுபா வீடு அண்ணன் வீட்டிலிருந்து ரெண்டு வீடு தள்ளித்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ரெண்டு பேரும் ஒன்றாகவே போய், ஒன்றாகவே சாப்பிட்டு, ஒன்றாகவே திரும்புவார்கள். லீவில் சுபாவின் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். அந்த வீட்டுப் பூட்டைத் தாண்டித்தான் நானும் வந்தேன். பார்த்தேன், ஆனால் யோசிக்கவில்லை. கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது மொட்டை... எல்லோருமாக அதையே பிடித்துக்கொண்டு தொங்கினோம்.

அண்ணன் தலையைத் தடவிக்கொண்டே, “பள்ளிக்கூடம் தெறந்ததும் டீச்சர்ட்டச் சொல்லி, நல்ல பிள்ளையாப் பாத்து ஒன் பக்கத்துல உக்கார வைக்கச் சொல்றேன்,” என்றார்.

“அய்யோ, வேணாம்யா!”

இந்த முறை நான் பிரசங்கம் பண்ணவில்லை. “ஒனக்கு என்ன செஞ்சா தேவலைன்னு தோணுது?” என்று மட்டும் கேட்டேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு யோசித்தாள். “பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்குத் தொட்டுக்க மோர் மிளகா வறுத்துத் தாங்க. கூடக் கொஞ்சம் வச்சு விடுங்க. யார்ட்டயாச்சும் வேணுமான்னு கேட்டுப் பாக்குறேன்.”

அவ்வளவுதான் திட்டம். பள்ளி திறந்த அன்றைக்கு மதினி வறுத்த வறுப்பில் தெருவே தும்மியதாம். ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதுமான அளவுக்கு டப்பாவில் அடைத்து அனுப்பியிருக்கிறார்.

சாயங்காலம் போன். மலரேதான்.

“அத்தை, ராமேஸ்வரத்துல இருந்து புதுசா ஒரு பிள்ள வந்துருக்கு. அதுக்கும் யாரையும் தெரியாது. என்னையே பாத்துக்கிட்டு இருந்துட்டு, ‘தலையத் தொட்டுப் பாக்கட்டா?’ன்னு கேட்டுச்சு.”

எனக்குத் திக்கென்றது. “நீ என்னடி சொன்ன?”

“மோர் மிளகா வேணுமான்னு கேட்டேன்.”

“அப்புறம்?”

“சாப்ட்டு முடிக்கிற வரைக்கும் ஒரு கையால தடவிக்கிட்டே இருந்துச்சு அத்தை!”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டது என்று கதை விட மாட்டேன். இப்போதும் சில காலைகளில் மலருக்கு வயிறு வலிக்கிறது. “நடிக்காத, கிளம்பு” என்று மதினி விரட்டுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து என்னவென்று கேட்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சுபாவோடு வீடியோ கால். பேசி முடித்ததும் கொஞ்சம் அழுவாள். அழட்டுமே... தோழி போனால் அழுகை வராதா?

பள்ளி திறக்கிறது என்றால் பை வாங்குகிறோம், ஷூ வாங்குகிறோம், நோட்டுக்கு அட்டை போடுகிறோம். “மத்தியானம் யார் கூடச் சாப்பிடுவே?” என்று கேட்டிருக்கிறோமா? இன்றைக்குச் சாயங்காலம் கேட்டுப் பாருங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும் வரை சும்மா இருங்கள். அதுதான் கஷ்டம், எனக்குத் தெரியும்.

மலருக்கு முடி ஜோராக வளர்ந்துகொண்டிருக்கிறது. அண்ணன் தலையைத்தான் மதினி தினமும் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நடு உச்சியில் ஒன்றும் முளைக்கிற மாதிரி தெரியவில்லையாம்.

பிள்ளையை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மொட்டை அடித்திருக்கலாம்!