தலைப்பிரட்டைக்கு ஊசி போட்ட காலம்

விலங்கியல் ஆராய்ச்சி வேலையில் ஒரு வசதி உண்டு: என்ன செய்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டவர்கள் மறு தடவை கேட்கமாட்டார்கள். என்னைப் போலத் தொட்டியும் வலையுமாக மல்லுக்கட்டியவர்களுக்கு இது தெரியும்.

எண்பதுகளின் கடைசியில், ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, தவளையின் மூளையைப் பற்றி டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்தேன். இன்றைக்கும் எனக்குப் புல்லரிக்கிற விஷயம் அது! மூளையின் அடித்தட்டில் ஹைப்போதலாமஸ் என்று ஓர் இடம். அங்கிருந்து நியூரோபெப்டைடு என்னும் குட்டிப் புரதத் துணுக்குகள் கிளம்பி, கீழே இருக்கும் பிட்யூட்டரிச் சுரப்பிக்கு உத்தரவு போடும். பிட்யூட்டரி தைராய்டை எழுப்பிவிடும். தைராய்டு சுரந்தால் தலைப்பிரட்டைக்குக் கால் முளைக்கும், வால் மறையும். பயத்திலும் பதற்றத்திலும் மூளை விடுகிற பெப்டைடு ஒன்று உண்டு. தவளையில் தைராய்டை முடுக்கிவிடுவதும் அதுதானா என்பது என் கேள்வி. என் பதிவுக் காலம் முடிய ஏழெட்டு மாதம்தான் பாக்கி. அதற்குள் விடை கிடைக்காவிட்டால் பட்டம் அம்போதான்.

கால் இல்லாத சரக்கு

ஐப்பசி மழை வெறித்த ஒரு காலையில், சேத்தூர்ப் பக்கம் கண்மாயில் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, டீ வடிகட்டியால் தலைப்பிரட்டை அள்ளிக்கொண்டிருந்தேன். தவளைக்கால் ஏற்றுமதியை அரசாங்கம் தடை செய்திருந்த சமயம். கரையில் சைக்கிளை நிறுத்திய ஒருவர், “ஏம்மா, கவர்மெண்டே கூடாதுன்னுட்டாக, இன்னும் தவளைக்கால் யாவாரமா?” என்றார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. வாளியை அவர் மூக்குக்கு நேரே தூக்கி, “நல்லாப் பாருங்க, இதுல ஒண்ணுக்காவது கால் இருக்கா?” என்றேன். அவர் குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“ஓகோ! கால் மொளைக்கிற மட்டும் வளத்து அனுப்புவியளாக்கும்!”

பஸ்ஸில் வந்த குப்பி

என் வழிகாட்டிப் பேராசிரியர் மதுரையில் இருந்தார். வெளிநாட்டிலிருந்து அவர் வரவழைத்த பெப்டைடில் எனக்கென்று ஒரே ஒரு குப்பி. சூடு பட்டால் வீண். பிளாஸ்கில் ஐஸை நிரப்பி அதில் குப்பியைப் புதைத்து, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கிருஷ்ணன்கோவிலில் டயர் பஞ்சர்! திறந்து பார்த்தால் ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது.

எதிரே இருந்த சோடா, கலர் விற்கும் கடைக்கு ஓடினேன். கடைக்கார அம்மா ஒரு கேள்வியும் கேட்காமல் ஐஸ் பாறையை மடமடவென்று உடைத்து பிளாஸ்கில் திணித்தார். அப்புறம்தான், “யாருக்குத் தாயி மருந்து? வீட்டுல பெரியவியளுக்கா?” என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. “தவளைக்கு” என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“இங்க மனுசருக்கு ஊசி போடவே நர்சம்மா வாரத்துல ரெண்டு நாளுதான் வருது. தவளை குடுத்து வச்சது!”

தொடக் கூடாத தொட்டி

இரண்டு தொட்டிகள். ஒன்றில் இருந்தவற்றுக்குப் பெப்டைடு ஊசி. ஒப்பிட்டுப் பார்க்க, மற்றதில் இருந்தவற்றுக்கு வெறும் உப்புநீர் ஊசி. ஆய்வகத்தைக் கவனித்துக்கொண்ட பாண்டியம்மாள் செட்டியார்பட்டியிலிருந்து வருவாள், என் வயதுதான். “பெப்டைடு தொட்டியைத் தொட்டால் தொலைத்துவிடுவேன்” என்று அவளை மிரட்டி வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரம் ஒரு காலை. பெப்டைடு தொட்டியில் பின்னங்கால்கள்! ஒன்று, இரண்டு, பத்து! நான் கைதட்டிக் குதித்தேன். குதித்த வேகத்தில் பக்கத்துத் தொட்டியைப் பார்த்தேன். அங்கேயும் கால்கள். இரண்டிலும் முளைத்தால் ஊசிக்கு என்ன மதிப்பு? குப்பியும் காலி. அப்போதுதான் கவனித்தேன், அந்தத் தொட்டியில் தண்ணீர் நாலு விரற்கடைதான் இருந்தது. கல்லூரித் தண்ணீர் மோட்டார் எரிந்து, குழாயில் தண்ணீர் வராமல் பத்து நாளாகியிருந்தது. வாய்க்கு வந்தபடி பாண்டியம்மாளை ஏசினேன். அவள் கண் கலங்கிவிட்டது.

“நீங்க அந்தத் தொட்டியத்தான டீச்சர் தொடக் கூடாதுன்னிய? இது வெறும் உப்புத்தண்ணி ஊசிதானன்னு தெனமும் ரெண்டு செம்பு எடுத்து சாமான் கழுவுனேன்.”

ஓடும் பஸ்ஸில்

அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மறுநாள் ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டிலிருந்து பஸ்ஸில் வரும்போது, ரோட்டோரத்தில் வற்றிக்கொண்டிருந்த ஒரு குட்டை கண்ணில் பட்டது. குட்டை வற்றினால் தலைப்பிரட்டைக்குச் சாவு. அதற்குள் கால் முளைத்து வெளியே தாவியாக வேண்டும். தண்ணீர் குறையக் குறைய அதன் மூளை பதறும். பதறினால் அந்தப் பெப்டைடு தானாகவே சுரக்குமே! என் ஊசி செய்ததை, பாண்டியம்மாளின் செம்பு செய்திருக்கிறது! ஓடுகிற பஸ்ஸில் எழுந்து நின்று, “அதுவாவே சுரக்குது!” என்று கத்திவிட்டேன். கண்டக்டர் என் பக்கம் திரும்பினார்.

“எது சொரந்தாலும் செத்த நேரம் உக்காந்துக்கிட்டுச் சொரக்கட்டும்மா, பஸ்ஸு திரும்புது.”

மூன்றாவது ஆள்

கார்த்திகை மழையில் புதிதாக அள்ளி வந்து, ஊசியே இல்லாமல் மறுபடி செய்தோம். ஒரு தொட்டியில் தண்ணீர் குறையாமல், மற்றதில் நாளுக்கு இத்தனை என்று குறைத்து. அளந்து எடுத்தது பாண்டியம்மாள்தான், ஒரு துளி பிசகவில்லை. தண்ணீர் குறைந்த தொட்டியில் கால்கள் முந்திக்கொண்டு வந்தன. மூளைகளை மதுரையில் சோதித்தோம். அவசரப்பட்டு வளர்ந்தவற்றில் அந்தப் பெப்டைடு கூடுதலாக இருந்தது. சந்தோஷத்தில் நானும் பேராசிரியரும் மாறி மாறிப் பேசினோம், ஒருவர் சொன்னது மற்றவர் காதில் ஏறவில்லை.

கெடு முடியுமுன் ஆய்வேட்டைக் கொடுத்தேன். பட்டம் வந்த அன்று, அட்டை போட்ட புத்தகத்தைப் பாண்டியம்மாளிடம் காட்டினேன். நன்றி சொன்ன பக்கத்தில், பேராசிரியருக்கும் கல்லூரி முதல்வருக்கும் அடுத்து மூன்றாவதாக அவள் பெயர். விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கேட்டாள்:

“அன்னைக்கு என்னைய அம்புட்டுப் பேச்சு பேசினியளே, அதையும் இதுல எழுதியிருக்கியளா டீச்சர்?”

எரிந்த மோட்டாரும், சொன்ன சொல்லை அப்படியே கேட்டு நடந்த பாண்டியம்மாளும் இல்லாவிட்டால் எனக்கு டாக்டர் பட்டமே இல்லை என்பதை, சக ஆராய்ச்சியாளர்களே, நம் எல்லோரையும் போல நானும் “தற்செயலாக நீர்மட்டம் குறைந்தபோது” என்று ஒரே வரியில் எழுதி முடித்திருந்தேன்.