விதவையாக இருந்தால் மட்டும்

என் அப்பாவை நான் ஒரு வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் சாகடித்தேன். ஸ்டாம்ப் பேப்பரில்தான். டைப் அடித்தது நான், கையெழுத்துப் போட்டது நான், நோட்டரி முத்திரைக்குக் காசு கொடுத்ததும் நான். அந்த நேரம் அவர் கொள்ளேகாலில், வேறொரு குடும்பத்தோடு, வெற்றிலை போட்டுக்கொண்டு சௌக்கியமாக இருந்திருப்பார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. மைசூரில் ஹெப்பாள் பக்கம் ஒரு தொழிற்சாலையில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் நானும் அம்மாவும் மட்டும். எப்போதோ நின்றுபோன தீட்டு அம்மாவுக்குத் திரும்ப வந்திருக்கிறது. என்னிடம்கூடச் சொல்லாமல் மாதக்கணக்கில் பழைய புடவையைக் கிழித்துக் கிழித்துச் சமாளித்திருக்கிறாள். கொடியில் காய்ந்த துணியைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் சதை எடுத்துப் பரிசோதித்துவிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள். உடனே கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்தால் பிழைக்க வழி உண்டு, தள்ளிப்போட்டால் எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். செலவைக் கேட்டு, விரல் விட்டுக் கணக்குப் போட்டேன். என் ஒன்றரை வருடச் சம்பளம்.

தொழிற்சாலையில் வைத்தியச் செலவுக்கு ஒரு விதி உண்டு. ஊழியரைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் செலவைக் கொடுப்பார்கள், ‘விதவையாக இருந்தால் மட்டும்’. புருஷன் இருந்தால் அவன் பார்த்துக்கொள்வானாம். அந்தச் சுற்றறிக்கையை நாலு கார்பன் காப்பியோடு டைப் அடித்தவளே நான்தான். அடிக்கும்போது ஒரு வார்த்தையும் மண்டையில் ஏறவில்லை. படிவத்தில் தந்தைக்கு இரண்டே கட்டம்: இருக்கிறார், இல்லை. விட்டுவிட்டு ஓடிப்போனவருக்கு அதில் இடம் கிடையாது.

யூனியன் செயலாளர் நல்ல மனிதர். கைவிடப்பட்ட தாய்மாரையும் சேர்க்க வேண்டும் என்று எனக்காக மேனேஜ்மென்டோடு இரண்டு தடவை சண்டை போட்டார். யோசிக்கிறோம் என்றார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் அம்மா போய்விடுவாள் என்று நான் அவர் மேஜை முன்னால் அழுதேன். அவர் கதவைச் சாத்திவிட்டு, “உங்க அப்பா இருக்காருன்னு இங்க யாருக்கும்மா தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

பிடிபட்டால் வேலை போகும், போலீஸ் கேஸ் ஆகும். அதைவிட, பாதி வைத்தியத்தில் அம்மாவை எழுப்பி அனுப்பிவிடுவார்கள். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். காலண்டரில் கண்ணை மூடிக்கொண்டு விரல் வைத்த தேதியில் அப்பா மாரடைப்பால் காலமானார்.

அம்மாவுக்கோ வேறு பயம். “எழுதுனா பலிச்சுருமோ, அம்மிணி?”

“பலிக்கட்டும்!” என்று கத்திவிட்டேன். இத்தனை வருஷம் எட்டிப்பார்க்காத மனுஷனுக்காக இவள் தினம் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டதே எனக்கு எரிச்சல். தொழிற்சாலை டாக்டரிடம் காட்ட வேண்டிய அன்று காலை, வெறும் நெற்றியோடும் வெறும் கழுத்தோடும் வந்து நின்றாள். குங்குமம் இருந்த இடத்தில் வட்டமாகத் தோல் கறுத்திருந்தது. அதன் மேல் பவுடரைத் தடவிவிட்டேன். டாக்டர் தலையை நிமிர்த்தாமலே கையெழுத்துப் போட்டார்.

அம்மாவை வார்டில் சேர்த்து, கரண்டு வைக்க ஆரம்பித்தார்கள். கட்டில் காலில் ஒரு அட்டை தொங்கியது. அதில் அம்மா பெயர், அதன் கீழே ‘லேட்’ போட்டு அப்பா பெயர். யார் அதைக் கையில் எடுத்தாலும் நான் எழுந்து பக்கத்தில் போய் நின்றுகொள்வேன்.

இரண்டாவது வாரம் அம்மாவுக்கு ரத்தம் மிகவும் குறைந்துபோனது. ஏற்றாமல் கரண்டைத் தொடர முடியாது, ஏற்றும் ரத்தத்துக்கு ஈடாகச் சொந்தக்காரர் யாராவது ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார்கள். என்னை எடை போட்டுப் பார்த்து, எனக்கே யாராவது கொடுக்க வேண்டும் என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள். யாரைக் கேட்பது என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது, ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வார்டு வாசலில் அப்பா நின்றார். யார் போய்ச் சொன்னார்களோ, தெரியாது. முடி நரைத்திருந்தது. நடை மட்டும் அப்படியே இருந்தது.

கட்டில் அருகே வந்தவர் அம்மாவின் நெற்றியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

“இவரு யாரு?” என்றாள் நர்ஸ்.

அம்மா படுத்தபடியே, கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள்: “எங்கண்ணனுங்க.”

கட்டின புருஷனை அண்ணன் என்று சொல்லிவிட்டாள். அவர் முகம் செத்துவிட்டது.

நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். “அண்ணனா? ஒள்ளேதாயித்து, நல்லதாப் போச்சு!” என்று அட்டையைப் பார்த்துச் சீட்டு எழுதி, ரத்தம் கொடுக்கும் இடத்துக்குப் போகச் சொல்லி அவர் கையிலேயே கொடுத்தாள். அந்தச் சீட்டிலும் ‘லேட்’டோடு அவர் பெயர் இருந்தது. அங்கே போய்த் தன் பெயரைச் சொன்னால் எல்லாம் முடிந்தது. நான் பின்னாலேயே ஓடி, தாழ்வாரத்தில் அவரை மறித்தேன்.

“உங்க பேரைச் சொல்லிராதீங்க. நீங்க செத்துட்டீங்க.”

அவர் என்னை உற்றுப் பார்த்தார். “எப்போ?”

தேதியைச் சொன்னேன்.

“எதுல?”

“மாரடைப்பு.”

“ரொம்ப நாள் படுக்காமப் போயிருக்கேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அங்கே இருந்தவர் பேர் கேட்டபோது, என்றோ இறந்துபோன என் மாமாவின் பேரைச் சொன்னார். என்ன உறவு என்று கேட்டதற்கு, அண்ணன் என்றார். பாட்டில் நிரம்பும்வரை நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எழுந்து சட்டைக் கையை இறக்கிவிட்டவர் வார்டுப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் படி இறங்கிப் போய்விட்டார்.

சாயங்காலம் அம்மாவுக்கு ரத்தம் ஏறிக்கொண்டிருந்தது. அவருடையதோ, ஈடாகக் கொடுத்த வேறு யாருடையதோ, தெரியாது.

“இனி வருவாரா?” என்று கேட்டாள்.

“வர மாட்டாரும்மா. வரக் கூடாது.”

அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கட்டில் கிரீச்சிட்டது. நர்ஸ் இந்தப் பக்கம் திரும்பினாள். புருஷனை இழந்து அழுகிறாள் என்று சொல்ல முடியாது; அண்ணன் வந்து போனதற்கு ஏன் இந்த அழுகை என்று கேட்டால் என்ன சொல்வேன்? நான் அம்மாவின் காதருகே குனிந்து, “அழாதேம்மா, யாராவது கேட்பாங்க, அழாதே” என்று கெஞ்சிக்கொண்டே இருந்தேன்.