வாந்தி வருது, நிறுத்துங்கண்ணே

"இதெல்லாம் ஒரு வாரம் தாங்காது. அழுதுக்கிட்டே மலைய விட்டு இறங்கி வந்துரும் பாருங்க."

இரண்டு வருடத்துக்கு முன்பு, போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்ட அலுவலகத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது, கீழே சிலமலையில் எங்கள் வீட்டு வாசலில் நின்று பெரியப்பா சொன்னது இது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். இறங்கி வருவதாவது! யார் முன்னாலும் கண் கலங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

போன வருடம் அப்பா இறந்தபோதுகூட அழவில்லை. அழுதால், "போதும், வேலையை விட்டுரு" என்று சொந்தக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள் என்ற பயம். காரியம் முடிந்ததும் வேலைக்குப் போய்விட்டேன்.

உடம்புதான் விடவில்லை. தினமும் நான் தோட்டத்து ஜீப்பில் போய்வரும் மலைப்பாதை, அப்பாவும் தோட்ட வேலைக்குப் போய்வந்த பாதை. அடிவாரத்து முந்தலைத் தாண்டி ஜீப் மலை ஏறத் தொடங்கியதும் அழுகை முட்டிக்கொண்டு வரும். "வாந்தி வருது, நிறுத்துங்கண்ணே" என்பேன். மலைப்பாதையில் வாந்திக்கு யாரும் காரணம் கேட்பதில்லை. பள்ளத்தைப் பார்த்து நின்று, அழுகையை விழுங்கிவிட்டு ஏறிக்கொள்வேன்.

வைத்தியத்தைத்தான் தாங்க முடியாது. ஜீப்பில் ஏலக்காய் எடுக்க வரும் அக்காமார் தினம் ஒன்று சொல்வார்கள். எலுமிச்சம்பழத்தை மோந்து பார், புளிப்பு மிட்டாய் சப்பு, வயிற்றில் பேப்பரைக் கட்டு. "காலேஜு படிச்ச புள்ளைக்கு மலை ஏறத் தெரியலயே" என்று கேலி வேறு. என் கைப்பை முழுக்க எலுமிச்சம்பழம். எரிச்சல் எரிச்சலாக வரும். அதையும் சேர்த்து விழுங்குவேன்.

ஒரு மழைநாள் காலையில் மறுபடியும் மறுபடியும் நிறுத்தச் சொன்னதில், டிரைவர் அண்ணனுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏத்தா, நானும் இத்தன நாளா நிறுத்துறேன், ஒருநாளும் நீ வாந்தி எடுத்துப் பாக்கல. வாந்தியா, அழுகையா, ஒண்ணச் சொல்லு. வாந்தின்னா நிறுத்தியாகணும், சீட்டு நாறிப்போகும். அழுகைன்னா உக்காந்த எடத்துலயே அழுதுக்க. வெரசா போகணும், மேல லோடு கெடக்கு."

ஜீப்பே சிரித்தது. எனக்கு வந்ததே கோபம்! திட்டத்தான் வாயைத் திறந்தேன். "அழுகைதான்" என்று வந்தது. கூடவே ஓவென்று அழுகையும்.

வண்டி நிற்கவில்லை. யாரும் சமாதானம் சொல்லவில்லை. பக்கத்து அக்கா, "செத்த தள்ளி அழு, என் தூக்குவாளி சாயுது" என்றார். மற்றவர்கள் விட்ட இடத்திலிருந்து ஊர்க்கதையைத் தொடர்ந்தார்கள். மேலே போய் முகம் கழுவி, வழக்கம்போல வேலையைத் தொடங்கினேன். மானமும் போகவில்லை, வேலையும் போகவில்லை.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நீ கல்லு மாதிரி இருந்த. நான் அழுதா நீ ஒடஞ்சு போயிருவியோன்னு நானும் அடக்கிக்கிட்டுக் கெடந்தேன்டி."

ஒரே வீட்டுக்குள் ஒருவருக்காக ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வருடம். என்ன கூத்து இது! அப்படி அடக்கி வைத்து எதைக் காப்பாற்றினோம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அடுத்த மாதம் அப்பாவுக்கு முதல் திதி. "லீவு வேணும் சார், அம்மாவும் நானும் அழ வேண்டியிருக்கு" என்று மேனேஜரிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன்.